ஃபிரிட்ஜ் யாருடையது? தென்னாப்பிரிக்காவில் குளிர்பானம் விற்கப்படும் விதம்

டர்பனின் சாட்ஸ்வர்த்திலோ ஃபீனிக்ஸிலோ எந்த டீரூமுக்குள் நுழைந்தாலும் முதலில் கண்ணைப் பறிப்பது ஃபிரிட்ஜ்தான். ரொட்டி, பால், சிகரெட் தொடங்கி, ரொட்டிக்குள் கறி நிரப்பிய பன்னி சௌ வரை எல்லாம் விற்கும் தெருமுனைக் கடைக்கு இங்கே டீரூம் என்று பெயர். கடை பழையதாக இருக்கும், சுவரில் வண்ணம் உதிர்ந்திருக்கும், கல்லாவுக்கு முன்னால் இரும்புக் கம்பி அடைப்பு இருக்கும். கண்ணாடிக் கதவு போட்ட அந்த ஃபிரிட்ஜ் மட்டும் புத்தம் புதிதாக விளக்கெரிய நிற்கும். பெரும்பாலான கடைகளில் அது கடைக்காரருடைய சொத்து அல்ல. குளிர்பான நிறுவனம் கொண்டுவந்து வைத்தது.

குளிர்பானம் விற்கும் உத்தி என்றதும் தொலைக்காட்சி விளம்பரம், கால்பந்து மைதானத்துப் பலகை, பாட்டில் மீது அச்சிட்ட பெயர் என்றுதான் பேச்சு போகிறது. விளம்பரத்துக்கு வேலையே இல்லை என்று நான் சொல்லவில்லை. அது ஒரு பெயரை மனத்தில் பதிய வைக்கிறது. ஆனால் பள்ளி விட்டு வரும் பிள்ளையோ, வேலை முடிந்து டாக்சியிலிருந்து இறங்கும் தொழிலாளியோ எந்த பாட்டிலை எடுக்கிறார்கள் என்பது கடைக்குள்தான் முடிவாகிறது. எது சில்லென்று இருக்கிறது, எது கைக்கெட்டுகிறது, கையிலுள்ள சில்லறைக்கு எது கிடைக்கிறது என்பதைப் பொறுத்து அந்த முடிவு மாறுகிறது. இந்த நாட்டுக் குளிர்பானச் சந்தையின் நாற்பதாண்டுக் கதையை இந்த இடத்திலிருந்து பார்த்தால்தான் பல விஷயங்கள் விளங்குகின்றன.

அந்த ஃபிரிட்ஜை ஒரு நிமிடம் நின்று பாருங்கள். மேல் நெற்றியில் நிறுவனத்தின் பெயர், அதற்குப் பின்னால் விளக்கு. கண் மட்டத்துத் தட்டில் ஒருவர் வாங்கிய இடத்திலேயே குடித்து முடிக்கும் சிறு பாட்டில்கள். லிட்டர் கணக்கில் பார்த்தால் விலை கூடுதல் அவற்றுக்குத்தான், ஆகவே லாபமும் அங்கேதான். கீழ்த்தட்டில் இரண்டு லிட்டர் பாட்டில்கள். வீட்டுக்கு வாங்க வருகிறவர் குனிந்தாவது எடுத்துக்கொள்வார். முதன்மைப் பானம் கதவின் கைப்பிடிப் பக்கம் வரிசை வரிசையாக நிற்கும். பச்சை நிறக் கிரீம் சோடா, ஸ்டோனி ஜிஞ்சர் பீர், அயர்ன் புரூ ஆகியவை அதற்கு அடுத்தபடியாக இடம் பிடித்திருக்கும். எந்தத் தட்டில் எது, எத்தனை வரிசை என்பதைக் கடைக்காரர் தீர்மானிப்பதில்லை. நிறுவனம் அதை ஒரு வரைபடமாகவே தருகிறது. விற்பனைப் பிரதிநிதி வரும்போது கதவைத் திறந்து, பாட்டில்களின் முகப்பை வெளிப்பக்கம் திருப்பி, வேறு நிறுவனத்தின் பாட்டில் ஏதாவது உள்ளே இருந்தால் வெளியே எடுத்து வைத்துவிட்டு, அலைபேசியில் ஒரு படம் பிடித்துக்கொண்டு போகிறார். வரைபடப்படி அடுக்கியிருக்கும் கடைக்குத் தள்ளுபடியோ இலவசச் சரக்கோ கிடைக்கும்.

கடைக்காரருக்கு இது நல்ல பேரமாகத் தெரிவதில் வியப்பில்லை. கடைகளுக்கான பெரிய ஃபிரிட்ஜின் விலை ஒரு சிறு வியாபாரியால் எளிதில் புரட்டக்கூடிய தொகை அல்ல. கடையின் பெயர்ப்பலகையையும் பல நேரங்களில் நிறுவனமே எழுதித் தருகிறது. நடுவில் கடையின் பெயர், இரு பக்கமும் நிறுவனத்தின் சின்னம். ஆனால் ஃபிரிட்ஜ் ஓடுவதற்கான மின்கட்டணம் கடைக்காரருடையது. அது அடைத்துக்கொள்ளும் இடமும் அவருடையது. எட்டடிக்குப் பத்தடிக் கடையில் இன்னொரு ஃபிரிட்ஜுக்கு இடமிருக்காது. டர்பனின் கோடைப் புழுக்கத்தில் அலமாரியில் வைத்த பாட்டிலை யாரும் தொடமாட்டார்கள். முதலில் வந்த ஃபிரிட்ஜ் யாருடையதோ, அந்தக் கடையின் தாகமும் அவர்களுடையதாகிவிடுகிறது.

பெப்சியின் கதை இதை நன்றாகவே காட்டுகிறது. கோகோ கோலா தென்னாப்பிரிக்காவுக்கு வந்தது 1928இல். நிறவெறி ஆட்சிக்கு எதிரான பொருளாதாரப் புறக்கணிப்பு வலுத்த 1980களின் நடுவில் பெப்சி இந்த நாட்டை விட்டு வெளியேறியது. கோகோ கோலாவும் 1986இல் தன் முதலீட்டை விலக்கிக்கொள்வதாக அறிவித்தது. பானத்தின் மூலச்சாறு தயாரிக்கும் ஆலையை எல்லைக்கு அப்பால் சுவாசிலாந்துக்கு, அதாவது இன்றைய எஸ்வாட்டினிக்கு, மாற்றியது. ஆனால் பாட்டிலில் அடைத்து விற்கும் வேலை உள்ளூர் நிறுவனங்களின் கையில் இருந்ததால் கடைகளில் அந்தப் பானம் ஒரு நாள்கூட இல்லாமல் போகவில்லை. முதலீடு போனது, ஃபிரிட்ஜ்கள் அப்படியே நின்றன.

1994இல் நாடு விடுதலை பெற்றது. பெப்சி திரும்பி வந்தது. கறுப்பின முதலீட்டாளர்கள் பெரும்பங்கு வகித்த நியூ ஏஜ் பெவரேஜஸ் என்ற நிறுவனத்தின் வழியாக அது வந்தது. முதலீட்டாளர்கள் பட்டியலில் பாடகி விட்னி ஹியூஸ்டன், கூடைப்பந்து வீரர் ஷகீல் ஓ'நீல் போன்ற உலகப் புகழ் பெற்ற பெயர்கள் இருந்தன. நிறவெறிக் காலத்தில் வெளியேறிய நிறுவனம் என்ற நற்பெயரும், புதிய தென்னாப்பிரிக்காவின் உற்சாகமும், நட்சத்திரங்களின் ஒளியும் சேர்ந்தால் போதும் என்ற கணக்கு அது. மூன்றே ஆண்டுகளில், 1997இல், அந்த நிறுவனம் மூடப்பட்டது. தோல்விக்குப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. என் பார்வையில் முதன்மையானது இது: பெப்சி இல்லாத பத்தாண்டுகளில் கடைகளின் குளிர்ந்த இடமெல்லாம் நிரம்பிவிட்டது. ஓட்டுப்போடுவதற்கு வரிசையில் நின்ற மக்களின் நல்லெண்ணம் பெப்சிக்கு இருந்திருக்கலாம். தாகமெடுக்கும்போது அவர்கள் திறந்த கதவுக்குள் பெப்சி இல்லை.

2006இல் பெப்சி மறுபடியும் வந்தபோது பாடம் கற்றுக்கொண்டே வந்தது. இந்த முறை நட்சத்திரங்கள் இல்லை. பயனியர் ஃபுட்ஸ் என்ற உள்ளூர் உணவு நிறுவனத்திடம் பானத்தை அடைத்து விற்கும் உரிமையைக் கொடுத்தது. பயனியரிடம் வீட்பிக்ஸ் காலை உணவு இருந்தது, சாஸ்கோ ரொட்டி இருந்தது, வொயிட் ஸ்டார் சோள மாவு இருந்தது, சீரிஸ் பழச்சாறு இருந்தது. ரொட்டி ஏற்றிச் செல்லும் லாரி தினமும் காலையில் கடை வாசலுக்குப் போகிறது என்பதே மிகப் பெரிய சொத்து. அந்த லாரிகளையும் அலமாரிகளையும் சேர்த்து வாங்குவதற்காகவே பெப்சிகோ 2020இல் பயனியர் ஃபுட்ஸை ஏறத்தாழ 170 கோடி டாலர் கொடுத்து வாங்கியது என்றால் மிகையாகாது.

ஃபிரிட்ஜ் ஒரு சந்தைப்படுத்தும் கருவி என்பதை, வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் இந்த நாட்டின் போட்டி ஆணையமும் உணர்ந்திருக்கிறது. 2016இல் பல பாட்டிலிங் நிறுவனங்கள் ஒன்றிணைந்து கோகோ கோலா பெவரேஜஸ் ஆப்பிரிக்கா உருவானபோது அரசு பல நிபந்தனைகள் விதித்தது. சிறு விவசாயிகளுக்கும் சிறு கடைக்காரர்களுக்கும் உதவ 80 கோடி ராண்ட் நிதி ஒதுக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. செய்திகளில் அதிகம் அடிபட்டது அந்தத் தொகைதான். எனக்கு அதைவிட முக்கியமாகப்படுவது இன்னொன்று. நிறுவனம் கொடுத்த ஃபிரிட்ஜ் இருக்கும் சிறு கடைகளில், அதன் இடத்தில் குறைந்தது 10 சதவீதத்தை மற்ற நிறுவனங்களின் பானத்துக்குக் கொடுக்கக் கடைக்காரருக்குச் சுதந்திரம் உண்டு என்ற நிபந்தனை அது. அதே ஆண்டில் எஸ்ஏபி மில்லர் என்ற பீர் நிறுவனத்தை ஏபி இன்பெவ் வாங்கியபோது பீர் ஃபிரிட்ஜ்களுக்கும் இதே போன்ற நிபந்தனை வந்தது. பத்துத் தட்டில் ஒரு தட்டு. சிறிய அளவுதான். ஆனால் கிங்ஸ்லி, ட்விஸ்ஸா, ஜைவ், கூ-ஈ போன்ற மலிவு விலைக் குளிர்பானப் பெயர்களுக்குக் கதவு திறக்கும் அளவு அது.

இந்த இரண்டாம் நிலை நிறுவனங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் அவை தெருமுனைக் கடைக்கு வெளியே வேறொரு வாசல் வழியாக நுழைந்தன. ட்விஸ்ஸா 2003இல் கிழக்குக் கேப் மாகாணத்தின் குவீன்ஸ்டவுனில் தொடங்கிய நிறுவனம். ஜைவ் கேப் டவுன் பக்கத்துப் பெயர். இவர்கள் ஃபிரிட்ஜுக்காகச் சண்டை போடவில்லை. சண்டை போட்டால் தோற்றுவிடுவோம் என்று அவர்களுக்குத் தெரியும். மொத்த வியாபாரக் கிடங்குகளில் இரண்டு லிட்டர் பாட்டிலை ஆறு ஆறாகப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி அடுக்கினார்கள். விலையை முன்னணிப் பானத்தைவிடக் கணிசமாகக் குறைத்து வைத்தார்கள். வண்ணத்தைப் பளிச்சென்று வைத்தார்கள்: சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, ஊதா.

ஒரு தமிழ்க் குடும்பத்தின் திருமணத்தையோ, கோயில் மண்டபத்தில் நடக்கும் பிரார்த்தனையையோ நினைத்துக்கொள்ளுங்கள். முந்நூறு பேர் சாப்பிடும் பந்தியில் ஒவ்வொரு மேசைக்கும் இரண்டு லிட்டர் பாட்டில்கள் வைக்க வேண்டும். ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை, ஒன்று ஆரஞ்சு. அங்கே பாட்டிலை முன்கூட்டியே வாங்கி, பெரிய தொட்டியில் பனிக்கட்டி போட்டுக் குளிர வைத்துவிடலாம். நிறுவனத்தின் ஃபிரிட்ஜ் தேவையில்லாத இடம் அது. மொத்தச் செலவைக் கூட்டிப் பார்க்கிற வீட்டுக்காரருக்கு லேபிளில் என்ன பெயர் என்பதைவிட மேசை நிறைந்து தெரிகிறதா என்பதே கவலை. தனி ஆள் தாகத்துக்கு வாங்குவதும் குடும்பம் விசேஷத்துக்கு வாங்குவதும் வேறு வேறு சந்தைகள். முதல் சந்தையில் இடம் கிடைக்காதவர்கள் இரண்டாவதைப் பிடித்தார்கள். பெரிய விளம்பரம் இல்லாமல், நம் கல்யாணப் பந்திகளின் வழியாகவே அவர்கள் வீட்டுப் பெயரானார்கள்.

திரும்பக் கொடுக்கும் பாட்டிலும் ஓர் உத்திதான். கண்ணாடிப் பாட்டிலுக்கு முன்பணம் வாங்கும் வழக்கம் இங்கே நெடுங்காலமாக உண்டு. 2019 முதல் கோகோ கோலா இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலையும் அப்படித் திரும்பப் பெறத் தொடங்கியது. சுற்றுச்சூழலுக்கு நல்லது என்பதில் ஐயமில்லை. அதோடு, சமையலறை மூலையில் நிற்கும் காலி பாட்டில் அதே நிறுவனத்தின் அடுத்த பாட்டிலுக்கு ஏற்கெனவே கொடுத்துவிட்ட முன்பணமும்கூட. அதை வைத்துக்கொண்டு வேறு பானத்தை வாங்க மனம் வருமா?

அடுத்து 2018 ஏப்ரல் 1. தென்னாப்பிரிக்கக் குடும்பங்களின் கடைச் சீட்டில் ஒரே நாளில் இரண்டு மாற்றங்கள் வந்தன. மதிப்புக் கூட்டு வரி 14 சதவீதத்திலிருந்து 15 ஆனது. சர்க்கரை சேர்த்த பானங்கள் மீது சுகாதார மேம்பாட்டு வரி என்ற பெயரில் புதிய வரி தொடங்கியது. 2016இல் முதலில் முன்வைத்த திட்டம் கடுமையானது: பானத்திலுள்ள ஒவ்வொரு கிராம் சர்க்கரைக்கும் 2.29 சென்ட். தொழில்துறையும் கரும்பு விவசாயிகளும் எதிர்த்த பிறகு அது இளகியது. 100 மில்லிலிட்டரில் முதல் 4 கிராமுக்கு வரி இல்லை. அதற்கு மேல் ஒவ்வொரு கிராமுக்கும் 2.1 சென்ட். அடுத்த ஆண்டு 2.21 சென்ட் ஆனது. அதற்கு மேல் உயர்த்தும் முயற்சிகள் பின்னர் தள்ளிப்போடப்பட்டன. முழுப் பழச்சாறுக்கு இந்த வரி கிடையாது.

கணக்கைக் கையால் போட்டுப் பார்க்கலாம். 100 மில்லிலிட்டரில் 10.6 கிராம் சர்க்கரை உள்ள ஒரு கோலாவை எடுத்துக்கொள்வோம். 4 கிராம் கழித்தால் மீதி 6.6 கிராம். அதை 2.21ஆல் பெருக்கினால் 100 மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 14.6 சென்ட். இரண்டு லிட்டர் பாட்டிலுக்கு 2 ராண்ட் 92 சென்ட். 500 மில்லிலிட்டருக்கு 73 சென்ட். தொகை சிறியதுதான். ஆனால் சில்லறை நாணயங்களை எண்ணி வாங்குகிற கடையில் 73 சென்ட் பெரிய தொல்லை. பத்து ராண்டுக்கு விற்றதைப் பத்தே முக்கால் ராண்டுக்கு விற்க முடியாது. மீதி கொடுக்கச் சில்லறை இருக்காது, பிள்ளை வேறு பாட்டிலை எடுத்துவிடும்.

இங்கேதான் பாட்டிலின் அளவு உத்தியாகிறது. வரி வந்த காலத்தை ஒட்டி 500 மில்லிலிட்டர் பாட்டில் 440 ஆனது, 330 மில்லிலிட்டர் கேன் 300 ஆனது. பாட்டிலில் 12 சதவீதம் குறைவு, கேனில் 9 சதவீதம் குறைவு. பாட்டிலின் உருவத்தில் பெரிய மாற்றம் தெரியவில்லை, ஃபிரிட்ஜில் அது நிற்கும் இடமும் மாறவில்லை. விலையை உயர்த்தும் அவப்பெயர் பெரும்பாலும் அரசின் தலையில் விழுந்தது. நிறுவனத்தின் கண்ணோட்டத்தில் இது திறமையான நகர்வு. வாங்குகிறவர் பக்கம் நின்று பார்த்தால், குறைந்த அளவுக்குக் கிட்டத்தட்ட அதே பணத்தைக் கொடுக்கிறோம் என்பது யாருக்கும் உரக்கச் சொல்லப்படவில்லை. உடல்நலத்தின் பக்கம் நின்று பார்த்தால், ஒரு தடவை குடிக்கும் சர்க்கரை குறைந்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்றும் உண்மை. நான் இரண்டாவதைத்தான் அழுத்திச் சொல்வேன், ஏனென்றால் அந்தக் கூடுதல் பணம் போவது ஏழைகளின் பையிலிருந்து.

அளவைக் குறைத்ததோடு கலவையையும் மாற்றினார்கள். 4 கிராம் என்ற கோட்டை மனத்தில் வைத்துக்கொண்டு பல பானங்களில் சர்க்கரையைக் குறைத்து, செயற்கை இனிப்பூட்டிகளைச் சேர்த்தார்கள். சர்க்கரை இல்லாத வகைகளுக்கு ஃபிரிட்ஜில் முன்பைவிட நல்ல இடம் கிடைத்தது. 2021இல் வெளியான ஓர் ஆய்வு நகர்ப்புறக் குடும்பங்களின் கொள்முதலை ஆராய்ந்தது. வரிக்கு உட்பட்ட பானங்களின் வழியாக ஒருவர் நாளொன்றுக்கு வாங்கிய சர்க்கரை, வரி அறிவிப்புக்கு முன் இருந்த 16 கிராம் அளவிலிருந்து, வரி வந்த பிறகு 11 கிராமுக்கும் கீழே இறங்கியிருந்தது. வருமானம் குறைந்த குடும்பங்களில் இந்த வீழ்ச்சி அதிகம். பல ஆண்டுகளாக நடத்திய விழிப்புணர்வுப் பிரசாரங்கள் செய்யாததை ஒரு கிராம் கணக்கு செய்தது, அதுவும் பெருமளவுக்கு நிறுவனங்களின் கலவைக் கூடங்களில் நடந்தது.

இந்தச் சர்க்கரைக் கணக்கு நம் மக்களை இரண்டு பக்கமும் தொடுகிறது. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது முதல் 1911 வரை, டர்பன் அமைந்த நாட்டால் பகுதிக்கு ஒப்பந்தக் கூலிகளாக ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். பெரும்பாலானவர்கள் சென்னை மாகாணத்தவர். பெரும்பாலும் கரும்புத் தோட்டங்களுக்காகவே அவர்கள் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகளில் சிலர் வடக்குக் கடற்கரையில் இன்றும் கரும்பு பயிரிடுகிறார்கள். டொங்காட் ஹியூலெட் என்ற சர்க்கரை நிறுவனம் 2022 அக்டோபரில் திவால் மீட்பு நடவடிக்கைக்குள் போனபோது அந்த விவசாயிகள் கரும்பை யாரிடம் கொடுப்பது என்று கலங்கினார்கள். சர்க்கரை வரி அவர்களுக்குப் பிடிக்காது என்பதில் நியாயம் இருக்கிறது. அதே நேரத்தில், இந்த நாட்டில் நீரிழிவு நோய் மற்ற சமூகங்களைவிட இந்திய வம்சாவளியினரிடம் அதிகம். ஒரே குடும்பத்தில் அண்ணன் கரும்பு விவசாயி, தம்பி இன்சுலின் போட்டுக்கொள்கிறவர் என்ற நிலை இங்கே கற்பனை அல்ல. இரண்டு பக்கத்தையும் எடைபோட்டுப் பார்த்தும் நான் வரியின் பக்கமே நிற்கிறேன். விவசாயிக்கு வேறு பயிருக்கும் எத்தனால் ஆலைக்கும் வழி செய்துவிடலாம். இழந்த சிறுநீரகத்துக்கு வழி செய்வது கடினம்.

நம் நாள்காட்டியை வியாபாரிகள் எவ்வளவு கூர்ந்து படிக்கிறார்கள் என்பது தனி அத்தியாயம். புரட்டாசி வந்தால் தென்னாப்பிரிக்கத் தமிழர்களில் ஏராளமானோர் மாதம் முழுதும் மாமிசத்தை விட்டுவிடுகிறார்கள். தமிழ்நாட்டிலேயே சனிக்கிழமை மட்டும் விரதம் இருக்கும் வீடுகள் உண்டு. இங்கே முழு மாதமும் கடைப்பிடிப்பது பரவலான வழக்கம். கோழிக் கடைகளில் கூட்டம் குறையும். சூப்பர்மார்க்கெட்டுகளின் வாராந்தரத் துண்டுப் பிரசுரங்களில் புரட்டாசிச் சலுகை என்ற தலைப்பே வந்துவிடும்: கத்தரிக்காய், பருப்பு, சோயா உருண்டை, உறைய வைத்த சைவத் தின்பண்டங்கள். 1991இல் டர்பன் பகுதியில் தொடங்கிய ஃப்ரைஸ் போன்ற சைவ உணவு நிறுவனத்துக்கு இது உலகில் வேறெங்கும் கிடைக்காத வாடிக்கையாளர் கூட்டம். தீபாவளிக்கு முன் அதே பிரசுரங்கள் நெய், சுண்டிய பால், கிளிம் பால்மாவு என்று மாறிவிடும். இங்குள்ள பர்ஃபி பெரும்பாலும் பால்மாவில்தான் செய்யப்படுகிறது. ஆகவே பால்மாவு நிறுவனத்துக்கு அக்டோபர் ஒரு பெரிய மாதம்.

குளிர்பானத்துக்கு நம் நாள்காட்டி இன்னும் சாதகமானது. தெற்கு அரைக்கோளம் என்பதால் தைப்பூசக் காவடி டர்பனின் உச்சக் கோடையில் வருகிறது. தமிழ்நாட்டில் பனி விலகாத தை மாதம், இங்கே வியர்வை வழியும் சனவரி, பிப்ரவரி. வெறுங்காலுடன் பல மணி நேரம் நடந்து வரும் பக்தர்களும் அவர்களைச் சுற்றி நிற்கும் உறவினர்களும் குடிக்கும் அளவுக்குக் கணக்கே இல்லை. கோயில் வாசலில் வண்டிக்கடைகள், ஃபிரிட்ஜ் பூட்டிய வாகனங்கள். குடும்பங்கள் மோரும் தண்ணீரும் இலவசமாகக் கொடுக்கும் பழைய வழக்கமும் பக்கத்திலேயே நடக்கும். அந்த மோர்ப் பானையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஓர் எண்ணம் வரும். மோரையும் பானகத்தையும் ஒழுங்காகப் பாட்டிலில் அடைத்து விற்க நம்மவர்களில் யாரும் பெரிய அளவில் முனையவில்லை. சுக்கும் எலுமிச்சையும் போட்ட பானகம் ஜிஞ்சர் பீர் விரும்பும் ஒரு நாட்டில் எடுபடாதா? சுவை தடையில்லை. தடை மறுபடியும் அந்த ஃபிரிட்ஜ்தான்.

தண்ணீர் இந்த விதிக்கு விலக்கு. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டொங்காட் நகரின் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் அழிந்து, தமிழர்கள் நிறைய வாழும் அந்த ஊர் பல மாதங்கள் குழாய்த் தண்ணீர் இல்லாமல் தவித்தது. பாட்டில் தண்ணீர் ஆடம்பரம் என்ற நிலையிலிருந்து அரிசி பருப்புக்குச் சமமான பொருளானது. ஆனால் அந்த வாய்ப்பைப் பெரும்பகுதி பிடித்தவர்கள் பெரிய நிறுவனங்கள் அல்ல. வீட்டுக் கேனைக் கொண்டுவந்தால் லிட்டர் கணக்கில் சுத்திகரித்த தண்ணீரை நிரப்பித் தரும் சிறு கடைகள். லேபிள் இல்லை, குளிர்ச்சி இல்லை, விளம்பரம் இல்லை. கடையின் முகப்பில் ஒரு குழாய், ஒரு விலைப் பட்டியல். நம்பிக்கை என்பது அங்கே வடிகட்டியை எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றுகிறார் என்று கடைக்காரரிடம் நேரில் கேட்க முடிவதில் இருக்கிறது.

மின்வெட்டும் ஒரு பாடம் நடத்தியது. 2022, 2023ஆம் ஆண்டுகளில் ஒரு நாளில் பல மணி நேரம் மின்சாரம் இல்லாமல் போனபோது, விளக்கணைந்த ஃபிரிட்ஜ் வெறும் அலமாரியானது. ஜெனரேட்டர் வைத்திருந்த சூப்பர்மார்க்கெட்டுக்கு வாடிக்கையாளர் போனார்கள். தெருமுனைக் கடைக்காரருக்குக் கிடைத்த இலவச ஃபிரிட்ஜில் யாருடைய நஷ்டம் யார் தலையில் என்பது அப்போது தெளிவாகத் தெரிந்தது.

இனி வரவிருப்பது லேபிள் போட்டி. 2023இல் சுகாதாரத் துறை வெளியிட்ட வரைவு விதிகள், சர்க்கரையோ உப்போ நிறைவுற்ற கொழுப்போ வரம்பைத் தாண்டிய பொருள்களின் முகப்பில் கறுப்பு முக்கோண எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்கின்றன. செயற்கை இனிப்பூட்டி சேர்த்திருந்தாலும் முக்கோணம் வரும் என்பது குளிர்பான நிறுவனங்களை நேரடியாகத் தாக்கும் பகுதி. 2018இல் சர்க்கரையிலிருந்து தப்பிக்கப் போட்ட இனிப்பூட்டியே இப்போது முகப்பில் வந்து நிற்கும். எச்சரிக்கை பெற்ற பொருளைக் குழந்தைகளைக் குறிவைத்து விளம்பரம் செய்யவும், கார்ட்டூன் பாத்திரங்களையும் பிரபலங்களையும் பயன்படுத்தவும் அந்த வரைவு தடை கோருகிறது. சிலியிலும் மெக்சிகோவிலும் இப்படிப்பட்ட கறுப்பு முத்திரைகள் ஏற்கெனவே நடைமுறையில் உள்ளன.

பாட்டில்களின் முகப்பை வெளிப்பக்கம் திருப்பி அடுக்க வேண்டும் என்பது நிறுவனங்களே கற்றுக்கொடுத்த ஒழுங்கு. அந்த விதி சட்டமானால், விளக்கெரியும் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் வரிசையாக நிற்கப்போவது முக்கோணங்கள். அப்போது கடைக்காரருக்கும் ஒரு தட்டின் மதிப்பு மாறும். முக்கோணம் இல்லாத ஒரு மோர்ப் பாட்டிலுக்கோ, குறைந்த சர்க்கரையில் செய்த பானகத்துக்கோ, அந்த 10 சதவீத இடத்தைக் கேட்டு வாங்க யாராவது முன்வந்தால் அவருக்கு இப்போதுதான் வியாபாரக் காரணம் கிடைக்கிறது. அதற்கு முன் டீரூம் வைத்திருப்பவர்கள் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு: ஃபிரிட்ஜ் வந்த நாளில் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தைத் தேடி எடுத்து, இடம் பற்றிய பத்தியில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்ப்பது. கையில் ஒப்பந்த நகல் இல்லையென்றால், அடுத்த முறை படம் பிடிக்க வரும் பிரதிநிதியிடமே கேட்கலாம்.